மணிக்கட்டுப் பட்டை அணிந்தும் மாஸ்ஃபெட்டுகள் பழுதாகின்றன: எங்கே தவறுகிறேன்?

ஈயப்பொட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறிய ரிலேக்களை (மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்சுகள்) இயக்குவதற்காக 2என்7000 வகை மாஸ்ஃபெட்டுகளை (கேட் என்ற காலின் மின்னழுத்தத்தால் டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரு கால்களிடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்கள்) வைத்து மின்சுற்றுப் பலகைகள் செய்து வருகிறேன். கடந்த இரண்டு மாதங்களில் எட்டு மாஸ்ஃபெட்டுகளைப் பற்றவைத்ததில் ஐந்து பழுதாகிவிட்டன. பழுதான ஐந்திலும் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே சில நூறு ஓம் மட்டுமே காட்டுகிறது. நல்ல நிலையில் இருப்பதில் அந்த இடம் முற்றிலும் திறந்த சுற்றாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதே மேசையில், இதே கைகளால் பற்றவைத்த ஐஆர்எஃப்540என் என்ற பெரிய மாஸ்ஃபெட்டுகளில் ஒன்றுகூட இதுவரை பழுதாகவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நிலைமின்னைப் பற்றி (பொருள்கள் தொட்டுப் பிரிவதால் அவற்றில் சேரும் மின்னூட்டம்) ஓரளவு படித்திருப்பதால் என்னால் இயன்ற முன்னெச்சரிக்கைகளை எடுத்திருக்கிறேன். உடலில் சேரும் மின்னூட்டத்தை எர்த்துக்கு வடியவிடும், 1 மெகாஓம் மின்தடை உள்ளே பொருத்தப்பட்ட மணிக்கட்டுப் பட்டையை அணிகிறேன். அதன் முதலைக் கிளிப்பை மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளில் இணைத்திருக்கிறேன். கூடுதல் பாதுகாப்பு கருதி, வேலை செய்யும் பலகையின் கிரவுண்ட் தடத்தையும் (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் தடம்) ஒரு கம்பியால் அதே எர்த்தில் சேர்த்திருக்கிறேன். மேசை ஒட்டுப்பலகையால் ஆனது, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு. மாஸ்ஃபெட்டுகளைக் கால்கள் வளையாமல் இருக்கத் தெர்மோகோல் துண்டு ஒன்றில் குத்தி, மூடியுள்ள டப்பாவில் வைத்திருக்கிறேன். சால்டரிங் அயர்ன் இரண்டு முள் கொண்ட சாதாரண வகை.

வேலை செய்யும்போது கையில் சுளீர் என்று எதையும் உணர்ந்ததில்லை. பொறி பறந்ததையும் கண்டதில்லை. அப்படியிருந்தும் நிலைமின்தான் காரணமாக இருக்க முடியுமா? இதற்கெனத் தனியாக விற்கப்படும் மேசை விரிப்பை வாங்கியே ஆக வேண்டுமா?

பழையபலகை எழுதியது:

வணக்கம். சுளீர் என்று உணராததை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். மனித உடலில் சுமார் 3,000 வோல்ட் சேர்ந்த பிறகுதான் அது வெளியேறும்போது நம் தோல் உணர்கிறது. சத்தம் காதில் விழவும் பொறி கண்ணில் படவும் அதைவிடப் பல ஆயிரம் வோல்ட் கூடுதலாக வேண்டும். 2என்7000 மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 20 வோல்ட். ஆகவே நமக்குச் சிறிதும் தெரியாமலேயே நூறு மடங்கு மின்னழுத்தம் அதன் மேல் பாய்ந்துவிட முடியும்.

பெரியது பிழைத்துச் சின்னது சாவதற்கு ஓர் எளிய கணக்கு விடை சொல்லும். சோதனைகளில் மனித உடலை 100 பிகோஃபாரட் மின்தேக்கியாகவும், அதனோடு தொடராக இணைந்த 1,500 ஓம் மின்தடையாகவும் கொள்வது வழக்கம். உடலில் 500 வோல்ட் இருப்பதாகவும், மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால் எர்த்தில் இருக்கும்போது நம் விரல் கேட்டைத் தொடுவதாகவும் வைத்துக்கொள்வோம். உடலில் உள்ள மின்னூட்டத்தை உடலும் கேட்டும் பங்கிட்டுக்கொள்ளும். 2என்7000 கேட்டின் மின்தேக்கம் அதிகபட்சம் 50 பிகோஃபாரட். அதனால் பங்கீட்டுக்குப் பிறகும் 330 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஐஆர்எஃப்540என் கேட்டின் மின்தேக்கம் ஏறத்தாழ 1,960 பிகோஃபாரட் என்பதால் அங்கே 24 வோல்ட் மட்டுமே நிற்கும். வரம்பை அதுவும் சற்றுத் தாண்டியதுதான் என்றாலும், கேட்டுக்குக் காப்பாக உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் உண்மையில் துளைபடும் அளவு வரம்புக்குக் கணிசமாக மேலே இருக்கும் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். குளத்தில் ஊற்றிய குடத்து நீருக்கும் குவளையில் ஊற்றிய குடத்து நீருக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இனி உங்கள் பட்டைக்கு வருகிறேன். பட்டையின் உலோகத் தகட்டிலிருந்து கிளிப் வரை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 1 மெகாஓமை ஒட்டி வர வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் பட்டையை அணிந்துகொண்டு, மீட்டரின் ஒரு முனையை விரல்களால் இறுகப் பிடித்து, மறு முனையைக் கிளிப்பில் வைத்து அளந்து பாருங்கள். நடைமுறையில் பின்பற்றப்படும் எல்லை 35 மெகாஓம். தோல் மிகவும் வறண்டவர்களுக்கும், பட்டையைச் சட்டைக் கையின் மேல் கட்டிக்கொள்பவர்களுக்கும் இந்த எண் எங்கேயோ போய்விடும். பலகையின் அருகில் போகும் முன் இதைச் செய்வது பத்து விநாடி வேலை. நான் ஒருமுறை மூன்று வாரங்கள் அறுந்த கம்பியோடு பட்டை அணிந்திருந்தேன். வெளியே பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, உள்ளே கிளிப்புக்கு அருகில் செம்பு இழைகள் ஒன்றுவிடாமல் அறுந்திருந்தன.

அந்த 1 மெகாஓம் எதற்கு என்று சிலர் கேட்டு, அதை நீக்கிவிட்டு நேரடிக் கம்பி போடுவதும் உண்டு. அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட நேர்ந்தால் அந்த மின்தடைதான் உடல் வழியே செல்லும் மின்னோட்டத்தை 0.23 மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்துகிறது. நிலைமின் வடிவதற்கு அது இடையூறே இல்லை. 100 பிகோஃபாரட்டும் 1 மெகாஓமும் சேர்ந்தால் கால மாறிலி, அதாவது மின்னூட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம், 100 மைக்ரோவிநாடிதான். கம்பியே இல்லாத மணிக்கட்டுப் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். மின்னூட்டம் வெளியேற வழியே இல்லாத அந்தப் பொருளால் எந்தப் பயனும் இல்லை.

காப்புப்பொருள் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது தெர்மோகோல். மாஸ்ஃபெட்டை வைப்பதற்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பட்டை உங்கள் உடலைத்தான் எர்த்தோடு இணைக்கிறது. உடல் கடத்தி என்பதால் மின்னூட்டம் வடிந்துவிடும். தெர்மோகோல், பிளாஸ்டிக் விரிப்பு, செல்லோ டேப், சாக்லேட் உறை போன்ற கடத்தாப் பொருள்களில் மின்னூட்டம் விழுந்த இடத்திலேயே உறைந்து கிடக்கும். அவற்றை நீங்கள் எர்த்தில் கட்டினாலும், பட்டை அணிந்த கையால் தடவினாலும் போகாது. தடவுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். மின்னூட்டம் பிறப்பதற்கு உராய்வுகூடத் தேவையில்லை. இரண்டு பொருள்கள் ஒட்டியிருந்து பிரிவதே போதும். தெர்மோகோலில் குத்திய கால்களை உருவும்போது நடப்பது அதுவேதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மின்னூட்டம் ஏறிய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஒரு பலகையை வைக்கிறீர்கள். விரிப்பிலிருந்து பலகைக்கு எதுவும் பாயவில்லை; ஆனாலும் விரிப்பின் மின்புலம் பலகையிலுள்ள செம்புத் தடங்களின் மின்னழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. அந்த நிலையில், பட்டை அணிந்து முற்றிலும் எர்த்தில் இருக்கும் உங்கள் விரல் ஒரு தடத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் பலகையிலிருந்து உங்களை நோக்கி ஒரு மின்னிறக்கம் நிகழ்கிறது. பிறகு பலகையை விரிப்பிலிருந்து தூக்குகிறீர்கள். மின்புலம் விலகுகிறது, பலகையில் இப்போது எதிர்க்குறி மின்னூட்டம் மீந்து நிற்கிறது. அடுத்து எந்த உலோகத்தைத் தொட்டாலும் இரண்டாவது மின்னிறக்கம். ஆக, பட்டை சரியாக இருந்தும் ஒரே பலகை இருமுறை அடி வாங்குகிறது. உங்கள் பலகை எர்த்தில் கட்டப்பட்டிருப்பதால் அதன் கிரவுண்ட் தடத்துக்கு இது நேராது. கிரவுண்டோடு சேராமல் தனித்து நிற்கும் தடங்களுக்கும், கையில் எடுத்த தனி உறுப்புகளுக்கும் நேரும்.

பட்டறைகளில் பச்சை அல்லது நீல விரிப்பைப் பயன்படுத்துவதன் காரணம் இதுதான். அதன் மின்தடை ஏறத்தாழ 10 லட்சம் ஓமிலிருந்து 100 கோடி ஓம் வரை இருக்கும்படி செய்யப்படுகிறது. மின்னூட்டம் அதில் தங்காது, அதே சமயம் மெதுவாக வடியும். அப்படியென்றால் இரும்புத் தகடு இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். ஆனால் மின்னூட்டம் ஏறிய ஐசி (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லு) ஒன்றின் கால் உலோகத் தகட்டைத் தொட்டால், அதில் உள்ளது முழுவதும் ஒரு நானோவிநாடி அளவிலான நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மொத்த மின்னூட்டம் சிறிதாக இருந்தாலும் கண நேர மின்னோட்டம் பல ஆம்பியர் வரை உயரக்கூடும். இன்றைய தானியங்கி உற்பத்தி வரிசைகளில் மனிதக் கைகளைவிட இந்த வகை மின்னிறக்கமே பெரிய தலைவலியாகக் கருதப்படுகிறது.

விரிப்பு வாங்க இயலாவிட்டால் முதல் வேலையாக அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை அகற்றிவிட்டு வெறும் மரத்தின் மேல் வேலை செய்யுங்கள். மெழுகோ வார்னிஷோ பூசாத மரமாக இருந்தால் இன்னும் நல்லது. மாஸ்ஃபெட்டுகளைத் தெர்மோகோலிலிருந்து எடுத்து, கறுப்பு நிறக் கடத்தும் நுரையில் குத்தி வையுங்கள். அது கிடைக்காத வரை, அட்டைத் துண்டு ஒன்றில் அலுமினியத் தாளைச் சுற்றி, மூன்று கால்களும் தாளைத் தொடும்படி குத்தி வைத்தால் போதும். கால்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வரை கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே வேறுபாடு எழ வழியில்லை. பழைய காலத்து மாஸ்ஃபெட்டுகள் சில, கால்களை ஷார்ட் செய்யும் சிறு கம்பி வளையத்தோடுதான் விற்கப்பட்டன. பற்றவைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

டீசால்டரிங் பம்ப் (உருகிய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) வைத்திருக்கிறீர்களா? அதன் உள்ளே பிஸ்டன் தெறித்துப் பின்வாங்கும்போது சாதாரணப் பிளாஸ்டிக் பம்பின் முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றக்கூடும். அதைக் கேட் காலின் மேல் வைத்து அழுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

சுருள்கம்பி எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மாஸ்ஃபெட் செத்தால் உடனே நிலைமின்னின் மேல் பழியைப் போடுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி என்பதால் அதனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நீங்கள் ரிலேயை இயக்குகிறீர்கள். சுருளுக்கு இணையாக டையோடு போட்டிருக்கிறீர்களா? 12 வோல்ட் ரிலேயின் சுருளை டையோடு இன்றித் துண்டித்தால் நூறு வோல்ட்டுக்கு மேலான எதிர்மின்னழுத்தம் எழுவது சாதாரணம். 2என்7000 டிரெயினின் வரம்பு 60 வோல்ட். இரண்டாவதாக, கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடை ஏதேனும் உண்டா, அல்லது கேட் நீண்ட கம்பியின் நுனியில் அந்தரத்தில் தொங்குகிறதா? மூன்றாவதாக, எர்த் முள் என்று நீங்கள் நம்புவது உண்மையிலேயே எர்த்தில்தான் இருக்கிறதா?

ஊகிப்பதைவிட, எந்தக் கட்டத்தில் சாகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். புதிய மாஸ்ஃபெட் பையிலிருந்து வந்தவுடன் ஒருமுறை, டப்பாவிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, பற்றவைத்தவுடன் ஒருமுறை, மின்சாரம் கொடுத்து ரிலேயை இயக்கிய பிறகு ஒருமுறை எனக் கேட்–சோர்ஸ் மின்தடையை அளந்து எழுதி வையுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: மீட்டரின் டையோடு சோதனை நிலையில் கேட்டைத் தொட்டால் அந்த இரண்டு மூன்று வோல்ட்டே கேட்டில் தங்கி, மாஸ்ஃபெட்டைக் கடத்தும் நிலைக்குக் கொண்டுவந்துவிடக்கூடும், அதன் பிறகு டிரெயின்–சோர்ஸை அளந்தால் ஷார்ட் ஆனது போலக் காட்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் மூன்று கால்களையும் சாமணத்தால் ஒருமுறை சேர்த்துத் தொட்டுவிடுங்கள். நல்ல உறுப்பை இப்படித் தவறாகப் படித்துக் குப்பையில் போட்டவர்கள் பலர்.

ஈயப்பொட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். முடிவு நான் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிறது.

பட்டை அணிந்த நிலையில் 4 மெகாஓம் வருகிறது. எர்த் முள்ளை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்தேன், சரியாக இருக்கிறது. ரிலேக்கு இணையாக 1என்4007 டையோடு தொடக்கத்திலிருந்தே உண்டு. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோஓம் மின்தடையும் உண்டு.

புதிதாகப் பத்து 2என்7000 வாங்கினேன். பையிலிருந்து எடுத்தபோது பத்தும் நன்றாக இருந்தன. ஐந்தை வேண்டுமென்றே பழைய தெர்மோகோலிலும், ஐந்தை அலுமினியத் தாள் சுற்றிய அட்டையிலும் இரண்டு நாள்கள் வைத்தேன். தெர்மோகோலிலிருந்து உருவியதில் ஒன்று பழுதாகியிருந்தது. ஐந்தில் ஒன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆனால் மீதமிருந்த ஒன்பதில் நான்கைப் பற்றவைத்தவுடன், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அளந்ததில், இரண்டு பழுது. இவை இரண்டும் அலுமினியத் தாளிலிருந்து எடுத்தவை. விரிப்பையும் நீக்கிவிட்டேன், பட்டையும் கையில் இருந்தது. எனக்குப் புரியவில்லை. மிச்சமுள்ள ஐந்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

பழையபலகை எழுதியது:

பற்றவைக்கும் கணத்தில்தான் சாகின்றன என்றால், உங்கள் கேள்வியில் நாங்கள் எல்லோரும் கடந்து சென்ற ஒரு வரிக்குத் திரும்ப வேண்டும்: இரண்டு முள் சால்டரிங் அயர்ன்.

அயர்னைச் சூடாக்கிய நிலையில், மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எர்த்திலும் மறு முனையை அயர்னின் நுனியிலும் தொட்டுப் பாருங்கள். நுனியைக் கையால் தொடாமல், கவனமாகச் செய்யுங்கள். பிறகு அந்த 100 கிலோஓம் மின்தடையை மாஸ்ஃபெட்டுக்கு முன் பற்றவைத்தீர்களா, பின்பா என்பதையும் சொல்லுங்கள்.

ஈயப்பொட்டு எழுதியது:

60 வோல்ட்டுக்கு அருகில் காட்டுகிறது! பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் பெரிய மாற்றம் இல்லை. மின்தடைகளை எப்போதும் கடைசியில்தான் பற்றவைப்பேன். மாஸ்ஃபெட்டின் கால்களைத் தொட இடம் வேண்டும் என்பதற்காக.

பழையபலகை எழுதியது:

அப்படியானால் நடந்தது ஏறத்தாழ இதுதான். எர்த் இல்லாத அயர்னில் சூடாக்கும் இழைக்கும் நுனிக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கம், நூறு இருநூறு பிகோஃபாரட் அளவில், இயல்பாகவே இருக்கிறது. அதன் வழியே மின்இணைப்பின் அழுத்தத்தில் ஒரு பகுதி நுனிக்குக் கசிகிறது. மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையே அதை இழுத்துக் கீழே இறக்கிய பிறகும் 60 வோல்ட் காட்டியிருக்கிறது. மீட்டர் இல்லாதபோது நுனியில் இன்னும் அதிகம் இருந்திருக்கும். மின்னோட்டம் மிக மிகச் சிறியது என்பதால் உங்கள் கைக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பலகையின் கிரவுண்டை எர்த்தில் கட்டியிருந்தீர்கள். சோர்ஸ் கால் எர்த்தில் நிற்க, நுனி கேட்டைத் தொட்டதும், அந்தக் கசிவு முழுவதும் 50 பிகோஃபாரட் கேட்டின் மேல் விழுந்திருக்கிறது. ஐஆர்எஃப்540என் கேட்டில் அதே கசிவு 10 வோல்ட் அளவுக்கு அமுங்கிவிடும். பாதுகாப்புக்காக நீங்கள் சேர்த்த கம்பிதான் இந்தச் சுற்றை முழுமையாக்கியது என்பது சற்று வருத்தமான செய்தி. அதற்காக அந்தக் கம்பியை எடுத்துவிட வேண்டாம். மாற்ற வேண்டியது அயர்னை.

மூன்று முள் கொண்ட, நுனி எர்த்தோடு இணைந்த அயர்னை வாங்குங்கள். வாங்கியதும் குளிர்ந்த நிலையில் நுனியிலிருந்து எர்த் முள் வரை மின்தடையை அளந்து பாருங்கள். ஓரிரு ஓம்களுக்குள் இருக்க வேண்டும். நுனியின் அடிப்பகுதியில் ஆக்சைடு படிந்தால் இந்த எண் நாளடைவில் ஏறும் என்பதால் அவ்வப்போது கழற்றித் துடைப்பது நல்லது. அதுவரை அவசர வேலை இருந்தால், அயர்னைச் சூடாக்கிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நுனியை ஒருமுறை எர்த்தில் தொட்டபின் பற்றவையுங்கள். சூடு ஒரு காலுக்கோ இரண்டு காலுக்கோ தாங்கும்.

வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் 100 கிலோஓம் மின்தடை, பிறகு மாஸ்ஃபெட்டின் சோர்ஸ், அடுத்து டிரெயின், கடைசியாகக் கேட். அந்த மின்தடை இடத்தில் இருந்தால் இத்தகைய கசிவு ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது.

சுருள்கம்பி எழுதியது:

டையோடைப் பற்றி நான் ஐயப்பட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றவாளி நிலைமின் இல்லை என்ற பாதி சரியாகத்தான் இருந்தது!

காப்புப்பொருள் எழுதியது:

தெர்மோகோலில் போன ஒன்றை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஈயப்பொட்டு அவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெர்மோகோலில் இருந்து பிழைத்து வந்த நான்கையும் தனியே குறித்து வையுங்கள். ஆக்சைடு முழுவதும் துளைபடாமல் பலவீனப்பட்ட உறுப்பு, சோதனையில் நன்றாகக் காட்டிவிட்டுச் சில வாரங்கள் கழித்துச் சாவதுண்டு. கேட் கசிவைத் துல்லியமாக அளக்கும் கருவி இல்லாமல் வெளியிலிருந்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. அடுத்தவருக்குக் கொடுக்கும் பலகையில் அந்த நான்கைப் போட வேண்டாம்.

ஈயப்பொட்டு எழுதியது:

மூன்று முள் அயர்ன் வந்துவிட்டது. நுனியிலிருந்து எர்த் முள் வரை 1.4 ஓம். புதிய வரிசைப்படி எட்டு மாஸ்ஃபெட்டுகளைப் பற்றவைத்து, மூன்று நாள்கள் ரிலேக்களை ஓடவிட்டேன். எட்டும் நன்றாக இருக்கின்றன.

இந்தப் பலகைகளில் இரண்டை வெளியூரில் உள்ள நண்பருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கடிகார ஐசிக்காக ஒரு நாணய மின்கலமும் அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. என்னிடம் இளஞ்சிவப்பு நிறப் பை இருக்கிறது, அலுமினியத் தாளும் இருக்கிறது. எதைப் பயன்படுத்தலாம்?

காப்புப்பொருள் எழுதியது:

இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் சேர்க்காது என்பது மட்டுமே அதன் குணம். வெளியிலிருந்து வரும் மின்னிறக்கத்தை அது தடுக்காது. அலுமினியத் தாள் தடுக்கும், ஆனால் மின்கலத்தின் இரு முனைகளையும் பலகையின் தடங்களையும் ஒருசேர ஷார்ட் செய்துவிடும். கறுப்புக் கடத்தும் பையிலும் ஓரளவு இதே சிக்கல் உண்டு. உங்களுக்குத் தேவை வெள்ளி நிறப் பை. அதில் உலோகப் படலம் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது. கணினித் தாய்ப்பலகைகள் அப்படிப்பட்ட பையில்தான் வருகின்றன. பழைய பை ஒன்று கிடைத்தால் அதுவே போதும், மடிப்புகளில் உலோகம் வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மின்கலத்தைக் கழற்ற முடியுமானால் கழற்றித் தனியே அனுப்புங்கள். பையின் வாயை மடித்து மூடிய பிறகுதான் குமிழி உறையைச் சுற்ற வேண்டும், பைக்குள் குமிழி உறையைத் திணிக்கக் கூடாது. நண்பர் பையைப் பிரிக்கும் முன் ஏதேனும் எர்த்தான உலோகத்தைத் தொட்டுக்கொள்ளட்டும். பிரித்த பையின் மேலேயே பலகையை வைத்து மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.